மாதுங்காவின் விடியலில் ஓர் ஒலிப்பதிவு

மும்பையில் வந்து இறங்கியபோது என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் துணிமணி, மற்றொன்றில் கிட்டார். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தவர். அவருடைய பேரப்பிள்ளையான நான் கோலாலம்பூரில் விமானம் ஏறி, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் அவர் விட்டுப் போன நாட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வந்தது வேலை விசாவில் என்பதால், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் 14 நாட்களுக்குள் இணையவழியாகப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முகவரிச் சான்று வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கோ பதினொரு மாத ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் நல்லெண்ணமும் வேண்டும். சமையலறையில் மீன் வாடை வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில் பல வீடுகள் கைநழுவிப் போன பிறகு, மாதுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது.

பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் கிட்டார் கலைஞரான ஜார்ஜ் ஹாரிசன் எங்கள் ஈப்போ வீட்டுக்கு வந்தது அப்பாவின் இசைத்தட்டுகளோடு. ஆங்கிலப் பாட்டென்றாலே முகம் சுளிக்கும் பாட்டி, 1970இல் வெளிவந்த 'மை ஸ்வீட் லார்ட்' பாடலின் பின்னணிக் குரல்களில் குரு பிரம்மா, குரு விஷ்ணு என்ற சுலோகம் வருவதைக் கேட்ட நாள் முதல் அந்தத் தட்டுக்கு மட்டும் தடை சொன்னதில்லை. பீட்டில்ஸ் குழுவில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை மலையளவு. ஹாரிசனுக்கு ஒரு தட்டில் ஒன்றிரண்டு பாடல்களுக்கே பெரும்பாலும் இடம் கிடைத்தது. அப்படிக் காத்திருந்து எழுதிய ஒருவரின் பாடல்களில், அவசரமே இல்லாத ஓர் அடக்கம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலை 1968இல் அவர் மரக் கிட்டாரோடு அமைதியாகப் பாடிய பதிவு, 1996இல் வந்த 'ஆந்தாலஜி 3' தொகுப்பில் இருக்கிறது. எரிக் கிளாப்டனின் மின் கிட்டாரோ முரசோ இல்லாத அந்த வடிவத்தைக் கேட்டபின்தான், ஹாரிசனின் பாடல்களை ஒரே கிட்டாரும் ஒரே குரலுமாக நானும் பதிவு செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் வேர்விட்டது.

அந்த ஆசையை நிறைவேற்ற மும்பையைவிடக் கடினமான ஊர் இருக்க முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். என் ஜன்னலுக்கு ஒரு பக்கம் மத்திய ரயில் பாதை, மறுபக்கம் கிங்ஸ் சர்க்கிள் வழியாகச் செல்லும் ஹார்பர் பாதை. கடைசி ரயில் போய், முதல் ரயில் வரும்வரை, நள்ளிரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மட்டுமே தண்டவாளங்கள் ஓய்ந்திருக்கும். அந்த மூன்று மணி நேரத்தை நான் பிடித்துக்கொண்டேன். மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாய்த்து, கதவில் இரண்டு ரஜாய்களைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இருந்தது ஒரே ஒரு கண்டென்சர் மைக். அதைக் கிட்டாரின் வட்டத் துளைக்கு நேராக வைத்தால் அடிச்சுரங்கள் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கும் என்பதால், கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதான, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி, சற்றே சாய்த்து வைப்பேன். என் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம்; ஆகவே அதன் முதுகு எப்போதும் ஜன்னலைப் பார்த்திருக்கும். இவ்வளவு செய்தும், ஹெட்ஃபோனில் கேட்டால் எங்கோ ஒரு தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் அடங்குவதற்காகக் காத்திருந்து காத்திருந்தே ஜூலை மாதம் முழுவதும் கழிந்தது.

நான் முதலில் எடுத்துக்கொண்டது 'ஹியர் கம்ஸ் த சன்'. 1969 வசந்தத்தில், அலுவலகக் கூட்டங்களுக்குப் போகப் பிடிக்காமல், கிளாப்டனின் வீட்டுத் தோட்டத்தில் அவருடைய கிட்டார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி ஹாரிசன் எழுதிய பாடல் அது. ஏழாவது ஃபிரெட்டில், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் பொருத்தி, டி கார்டின் விரல் அமைப்பில் வாசித்தால் ஏ சுருதியில் ஒலிக்கும். கம்பியின் நீளம் குறைந்துவிடுவதால்தான் அந்தக் கிட்டாருக்கு மணி போன்ற ஒரு தெளிவு வருகிறது. விரல்களுக்கு அது எளிதில் வசப்பட்டது. ஆனால் நடுப்பகுதியில், சூரியனை மூன்று முறை அழைக்கும் இடத்தில், ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தேன். தாளம் தட்டும் மெட்ரோனோம் ஒரு பக்கம் போகும், என் கை இன்னொரு பக்கம் போகும்.

அந்தத் தடுக்கலை இரண்டாம் மாடியில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்டு மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த மாமா அவர். பணி ஓய்வுக்குப் பின் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார். ஒருநாள் காலையில் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். நடுநிசி வாசிப்பைப் பற்றிக் கடிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரோ, "நீங்கோ நடுவுல ஒரு எடத்துல மாத்திரையை முழுங்கறேள். தினமும் அதே எடம்" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார்: தகிட தகிட தகிட தக. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, ஆகமொத்தம் பதினொன்று. அதன்பின் எட்டு, பிறகு ஏழு, மறுபடியும் பதினொன்று. மேற்கத்திய முறையில் எழுதினால் 11/8, 4/4, 7/8 என்று கண்ணை மிரட்டும் கணக்கு, அவர் நாக்கில் ஒரு சொற்கட்டாக அடங்கிவிட்டது. "மேல்நாட்டுப் பாட்டுங்கறேள், கணக்கு நம்மளதுன்னா?" என்றார். இந்திய இசையைப் பயின்றதன் சாயல்தான் அந்த இடத்தில் தெரிகிறது என்பதையும், ஹாரிசன் 1966இல் ரவி சங்கரிடம் சித்தார் கற்பதற்காக இதே ஊருக்கு வந்து தாஜ் மஹால் ஓட்டலில் தங்கியவர் என்பதையும் சொன்னேன். மாமா அதைக் கேட்டு வியக்கவில்லை. கற்றவர் கை சொல்லத்தானே செய்யும் என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் பால் வாங்கப் போனார். எனக்கோ, இந்த ஊரில் என் வாசிப்பை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார் என்பதே அன்று முழுவதும் தித்தித்துக்கொண்டிருந்தது.

கணக்கு வசமான பிறகும் பாடலின் பொருள் எனக்கு வசமாகவில்லை. ஈப்போவில் மழை பிற்பகலில் வரும், கொட்டும், போய்விடும். மறுநாள் காலை வெயில் தவறாது. நீண்ட குளிர்காலத்துக்குப் பின் வரும் சூரியனைப் பற்றிய பாடலை நான் சிறுவயது முதல் மனப்பாடமாகப் பாடினேனே தவிர, சூரியனுக்காக ஏங்கியதில்லை. மும்பையின் மழைக்காலம் அதைக் கற்றுக்கொடுத்தது. நாள் கணக்கில் வெயிலே படாமல், துவைத்த துணி காயாமல், சுவரில் பூஞ்சை படர்ந்து, கிட்டார் கம்பிகள் துருவேறி, பேசிப் பழக இந்தியும் மராத்தியும் கைவராமல் இருந்த அந்த நான்கு மாதங்களின் முடிவில், செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள், எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வெளிச்சம் விழுந்தது. இரவெல்லாம் தூங்கிவிட்டதால் என் மூன்று மணி நேரத்தைத் தவறவிட்டிருந்தேன். ஆனாலும் ஆறரை மணிக்கு, மெத்தையைக்கூடத் தூக்கி நிறுத்தாமல், மைக்கை வைத்து வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை எடுத்த முப்பது நாற்பது பதிவுகளில் வராத ஒன்று அன்று குரலில் வந்தது. நடுப்பகுதியின் பதினொன்றும் எட்டும் ஏழும் தானாக வந்து விழுந்தன. ஏழு முடியும் இடத்தில், கீழே தெருவிலிருந்து 'பாம் பாம்' என்று ஓர் ஒலி எழுந்து பதிவுக்குள் புகுந்தது.

தாராவியிலிருந்து சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டிக்கொண்டு வரும் இட்லிக்காரரின் ரப்பர் ஹாரன் அது. அதே ஹாரன்தான், ஈப்போவில் மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் எங்கள் வாசலில் அழுத்துவதும். கேட்ட கணத்தில் கை நின்றுவிடாமல் எப்படித் தொடர்ந்தது என்று தெரியவில்லை, ஆனால் பாட்டு முடியும்வரை வாசித்தேன்.

முதலில் அதை அழித்துவிடத்தான் எண்ணினேன். அந்த வாரத்தில்தான், ஹாரிசன் திரைப்படம் ஒன்றுக்கு அமைத்த 'வொண்டர்வால் மியூசிக்' பதிவான கதையை முழுவதும் படித்தேன். 1968 ஜனவரியில் ஹாரிசன் மறுபடியும் பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பகுதியில் பெரோஸ்ஷா மேத்தா சாலையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், சந்தூர், ஷெனாய், சரோத், தபலா கலைஞர்களோடு அந்தத் திரைப்பட இசையைப் பதிவு செய்தார். இரு தட ஒலிப்பதிவு இயந்திரம் பம்பாயில் இல்லாததால் கல்கத்தாவிலிருந்து வரவழைக்கப்பட்டது. 'தி இன்னர் லைட்' பாடலின் கருவியிசையும் அங்கேதான் பிறந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த அதுவே பீட்டில்ஸ் ஒற்றைத்தட்டில் இடம்பெற்ற ஹாரிசனின் முதல் பாடல். அந்தக் கூடத்துக்குள் தெருச் சத்தம் தடையின்றி வந்ததையும், சில பதிவுகளில் டாக்ஸிகளின் ஒலியும் சேர்ந்திருப்பதையும் ஹாரிசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலைக்குப் போய் நின்றேன். ஆளரவமற்ற கோட்டைப் பகுதியில் ஒரே ஒரு கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்னைக் கடந்து போனது. அதன் ஓசை கட்டடங்களில் பட்டுத் திரும்பி வந்ததை, அது தெருமுனையில் மறையும்வரை நின்று கேட்டேன்.

ஹாரனைப் பதிவில் அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் இட்லிக்காரரிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னபோது, திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான அவர் சைக்கிளைத் தொடையில் சாய்த்தபடி கடைசிவரை கேட்டுவிட்டு, "இது நம்ம ஆரன்லா!" என்று மலர்ந்து, வேண்டாமென்றும் கேளாமல் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார்.

பதிவை அப்பாவுக்கும் அனுப்பியிருந்தேன். குரலைப் பற்றியோ கிட்டாரைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, "அங்கேயும் ரொட்டிக்காரர் வர்றாரா?" என்று கேட்டார். "ரொட்டி இல்லப்பா, இட்லி" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மட்டும் அம்மாவுக்கு இன்னொரு முறை போட்டுக் காட்டினார்.