அத்தையின் உயிலும் கணக்கு வாத்தியாரின் கையெழுத்தும்

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அத்தை என் தலையில் கட்டியிருந்தது, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பட்டுப்புடவைக்கு அடியில், பழைய எல்.ஐ.சி. உறைக்குள் நான்கு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பள்ளிக்கூட டீச்சர் கையெழுத்து. "வீட்டை உனக்கா எழுதியிருக்கு?" என்று சித்தப்பா கேட்டார். இல்லை. மயிலாப்பூர் ஃபிளாட், அத்தையைக் கடைசி ஆறு வருடம் பார்த்துக்கொண்ட என் தங்கைக்கு. எனக்கு வேலை மட்டும்.

இது 2018-இல். ரிஜிஸ்டர் செய்த உயில்தானே, அப்புறம் எதற்குக் கோர்ட் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதிவு செய்தால் உயில் தொலையாது, பக்கம் மாறாது. ஆனால் அது செல்லுமா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்குள், அதாவது பழைய சென்னை நகர எல்லைக்குள், ஓர் இந்துவின் வீடு உயில் வழியாகக் கைமாறினால் அன்றைக்குப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று, கட்டாயம். இதே வீடு மதுரையில் இருந்து, உயிலும் அங்கேயே எழுதப்பட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இதற்குக் காரணமாக இருந்த 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அதனால் இப்போது உயிலோடு நிற்பவர்கள் முதலில் வக்கீலிடம் "எங்களுக்குப் புரொபேட் வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். ஆனால் சண்டை வந்தால் உயிலை நிரூபிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. அதில்தான் எனக்கு மூச்சு முட்டியது.

முதல் அதிர்ச்சி வாரிசுப் பட்டியல். அத்தைக்குக் குழந்தை இல்லை, மாமா முன்பே போய்விட்டார். வாரிசு அப்பாவும் சித்தப்பாவும்தான் என்று எழுதிக்கொண்டு போனேன். வக்கீல் அடித்துவிட்டார். குழந்தை இல்லாத விதவை தானே சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. முப்பது வருடச் சம்பளத்திலும் பி.எஃப். பணத்திலும் அத்தை வாங்கிய வீடு, உயில் மட்டும் இல்லையென்றால், அவருக்கு ஒரு தீபாவளி வாழ்த்துகூடச் சொல்லாத மாமாவின் அண்ணன் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அத்தைக்கு இது தெரிந்துதான் உயில் எழுதினார் போல.

ஆக, உயில் இல்லாவிட்டால் வாரிசாகியிருக்கக்கூடிய அந்த மூன்று பிள்ளைகளையும் மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும், அறிவிப்பு போக வேண்டும். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். போன் எதுவும் செய்யாமல் நேராக அறிவிப்பு போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாக்பூரில் இருந்தவர் ராத்திரி பத்து மணிக்கு அழைத்தார். "என் மேல எதுக்குங்க கேஸ் போட்டிருக்கீங்க? நான் என்ன பண்ணினேன்?" பாவம், குரல் நடுங்கியது. அரை மணி நேரம் விளக்கிய பிறகு, "சித்தி வீடு எங்களுக்கு எதுக்கு" என்று அவரே சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் அனுப்பினார். மற்ற இருவரையும் முதலில் போனில் அழைத்துப் பேசினேன். யாராவது ஒருவர் முறுக்கிக்கொண்டு ஆட்சேபித்திருந்தால் மனு வழக்காக மாறியிருக்கும், வருடக்கணக்கு.

அப்புறம் சாட்சி. உயிலில் இரண்டு சாட்சிகள். ஒருவர் குடும்ப டாக்டர், இறந்துவிட்டார். இன்னொருவர் அத்தையோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார். உயிலில் இருந்த முகவரியில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம். பக்கத்து இஸ்திரிக்கடைக்காரர்தான் "பையனோட கோயம்புத்தூர் போயிட்டாருங்க" என்றார். பள்ளியின் பழைய ஆசிரியர்களிடம் விசாரித்து எண்ணைப் பிடித்தேன். எழுபத்தெட்டு வயது. ரயிலில் அழைத்து வந்து பாரிமுனையில், உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவு செய்யும் மாஸ்டர் கோர்ட்டில் உட்கார வைத்தோம்.

உயிலைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார்கள். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்போ கை நடுங்காது" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. "என்னோடதுதான்." அந்த அம்மா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, "பார்த்தேன். பேனா எழுதலை, என் பேனாவைத்தான் கொடுத்தேன். அவங்க போட்டாங்க, அப்புறம் டாக்டர், அப்புறம் நான். மூணு பேரும் ஒரே மேஜையில்" என்றார். வக்கீல் எதிர்பார்த்தது இதைத்தான். எழுதியவர் கையெழுத்திட்டதைச் சாட்சி பார்த்தார், அவர் முன்னிலையிலேயே சாட்சியும் போட்டார் என்பது வந்தால் போதும். வெளியே காபி குடிக்கும்போது சார், "என் உயிலுக்குச் சாட்சி போட்ட ரெண்டு பேரும் என்னைவிடப் பெரியவங்க, மாத்தணும்" என்றார். சாட்சிக்கு வயதில் இளையவர்களாகப் பிடியுங்கள்.

செய்தித்தாள் விளம்பரம், சொத்து மதிப்பு, கோர்ட் கட்டணம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொண்டார். மொத்தம் பதினோரு மாதம். அசல் உயில் கோர்ட்டிலேயே தங்கிவிடும். முத்திரை போட்ட நகல்தான் நமக்கு. அதனால் முன்கூட்டியே நிறைய நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அசலை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

புரொபேட் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியல், ஒரு வருடத்துக்குள் கணக்கு, இரண்டையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். நல்லவேளை, முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வந்தேன்: காரியச் செலவு, ஆஸ்பத்திரி பாக்கி, சொத்து வரி, கரண்ட் பில். கடனையெல்லாம் அடைத்த பிறகுதான் உயிலில் இருப்பவர்களுக்குப் பங்கு. வேலைக்காரம்மாவுக்கு எழுதியிருந்த இரட்டை வடச் சங்கிலியை மட்டும் காணோம். லாக்கரில் அடகுக்கடை ரசீது இருந்தது. அத்தை இடுப்பு ஆபரேஷனுக்கு முன்பே வைத்திருக்கிறார், மூழ்கிப் போய்விட்டது. இல்லாத பொருளை நான் எங்கிருந்து கொடுப்பது? அந்த அம்மாவிடம் ரசீதைக் காட்டினேன். "எனக்குச் சொன்னாங்க தம்பி" என்றார். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தங்கை தன் கைப்பணத்தில் வேறொரு சங்கிலி வாங்கிக் கொடுத்தாள். அது அவள் விருப்பம், உயில் கணக்கில் வராது என்று வக்கீல் அந்த வரியை நோட்டிலிருந்து அடிக்கச் சொன்னார். அடித்தேன்.