'என்று' போட்டால் போதாது: ரிப்போர்ட்டட் ஸ்பீச்

தமிழில் ஒருவர் சொன்னதை அப்படியே வைத்து 'என்று' போட்டால் வேலை முடிந்தது: 'நாளைக்கு வருகிறேன்' என்று சொன்னான். ஆங்கில ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்வதில், 'ஐ வில் கம் டுமாரோ' என்பது மறுவாரம் சொல்லும்போது 'ஹி செட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே' ஆகிவிடும். ஆள், வினை, நாள் மூன்றும் நகர்கின்றன. பலர் வினையை மாற்றிவிட்டு 'டுமாரோ'வை மறந்துவிடுவார்கள்.

அதிகம் சறுக்குவது கேள்வியில்தான். 'வேர் டு யூ லிவ்?' என்பது 'ஷி ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட்' ஆகும். 'ஆஸ்க்ட் வேர் டிட் ஐ லிவ்' தவறு. கேள்வியின் சொல்வரிசை போய்ச் சாதாரண வாக்கிய வரிசை வந்துவிடுகிறது. கேள்விக்குறியும் கிடையாது. ஆமா-இல்லையா கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்'. கூடவே 'தட்' ஒட்டாதீர்கள்.

'டோல்ட் மி' சரி, 'செட் மி' தவறு. 'ஃபினிஷ்ட்', 'ஹேவ் ஃபினிஷ்ட்' இரண்டும் 'ஹேட் ஃபினிஷ்ட்' ஆகும். 'குட்' (could), 'ஷுட்', 'மைட்' மாறாது (அப்பாடா!).

பயிற்சிக்கு ஒரு பேட்டியிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்து, 'ஹி ஆஸ்க்ட்' என்று தொடங்கி வாய்விட்டு மாற்றுங்கள். எழுதும்போது சரியாக வரும் வரிசை பேசும்போதுதான் குலையும்.