வாள் இல்லாத வீரர்

லீவுக்கு மன்னார்குடி வந்திருக்கும் அக்கா பையன் ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ இரண்டாம் பாகம் ஆடுகிறான். 2004-ல் வந்த கேம். விண்வெளிக் கதைதான், ஆனால் ஜெடாய் வீரர்களுக்கு ஓர் அறம் உண்டு: எளியவரைக் காக்கணும், கோபத்தை அடக்கணும். நல்லது செய்தால் ஒளிப்பக்கம், கெட்டது செய்தால் இருள்பக்கம் என்று கணக்கு ஏறும்.

கேமில் வரும் நார் ஷடா என்ற நிலவில் ஒரு பிச்சைக்காரர் காசு கேட்கிறார். கொடுத்தால், அதற்காகவே இன்னொருவன் அவரைத் தாக்குகிறான். விரட்டினால், அவர் போய் வேறொருவரைத் தாக்குகிறார். எதைச் செய்தாலும் கூட வரும் கிழவி கிரேயா கடிந்துகொள்கிறாள்.

"அப்ப என்னதான் மாமா செய்யிறது?"

கிரேயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விளைவு கோணிப்போனதால் ஈகை தப்பாகிவிடாது. கொடுத்தவன் அங்கேயே நின்று அவருக்குத் துணையாக இருக்கணும். அந்த வழியைத்தான் கேம் திறக்கவில்லை.

அவனுக்குக் கோவூர் கிழாரைச் சொன்னேன். சோழன் கிள்ளிவளவன், குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போனபோது குறுக்கே நின்ற புலவர். புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவன் மரபு உன்னுடையது என்றார். யானையைப் பார்த்ததில் அழுகையையே மறந்துவிட்ட சிறுவர்கள் அவர்கள், புறநானூறு 46. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் கேம் டிசைன் படிக்கிற பிள்ளைகளே, உறையூரை ஒரு கோளாக வைத்து இதைச் செய்யுங்கள். முதல் ஆளாக நாங்கள் வாங்குகிறோம்.