ஹியூமிடார் மூடியில் கசிவு: அடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சுருட்டுகள் காய்ந்துவிடாமல் ஈரப்பதத்தோடு வைத்திருக்கும் மரப்பெட்டிதான் ஹியூமிடார். அதில் ஈரப்பதம் நிற்கவில்லை என்று தெரிந்ததும் பலரும் உடனே செய்வது, ஒட்டும் நுரைப்பட்டை ஒன்றை வாங்கி வந்து மூடியின் விளிம்பு நெடுக ஒட்டிவிடுவதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பல பெட்டிகளுக்கு அது தேவையே இல்லை. ஈரம் குறைவதற்குக் கசிவுதான் காரணமா என்பதையே முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

என் முதல் சந்தேகம் எப்போதும் ஈரப்பதமானியின் மீதுதான் விழும். பெட்டியோடு வரும் முள் வைத்த வட்ட மானிகள், உண்மையான அளவிலிருந்து ஐந்து முதல் பத்து சதவீதம் வரை தள்ளிக் காட்டுவது சாதாரணம். ஒரு சிறிய பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, உப்பு முழுவதும் கரைந்துவிடாதபடி சில சொட்டு நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவந்து, அதையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் அடைத்து வையுங்கள். அப்படி ஈரமாக்கிய உப்பு, தன்னைச் சுற்றி அடைபட்ட காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும். சாதாரண அறை வெப்பநிலைகளில் இந்த அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அப்போது மானி 68 காட்டினால், மூடியில் குறை இருக்கிறதோ இல்லையோ, மானியில் ஏழு சதவீதம் குறை இருக்கிறது.

அடுத்த சந்தேகம் மரத்தின் மீது. பெட்டியின் உட்புறத்தில் பதித்திருக்கும் ஸ்பானிஷ் சிடார் பலகை காய்ந்திருந்தால், நாம் உள்ளே வைக்கும் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துக்கொண்டிருக்கும். மானியில் எண் இறங்குவதைப் பார்த்து நாம் மூடியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சரிபார்த்த மானியையும், சுற்றியுள்ள காற்றைக் குறிப்பிட்ட சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பொட்டலத்தையும் உள்ளே வைத்து மூடிய பெட்டியை, அப்படியே இறுக்கமான மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் சில நாட்கள் வையுங்கள். தொட்டிக்குள் எண் நின்று, வெளியே எடுத்ததும் இறங்கினால் கசிவு இருக்கிறது. தொட்டிக்குள்ளேயே எண் ஏறாமல் கிடந்தால் மரம் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து 84 சதவீதப் பொட்டலமும் இரண்டு வாரப் பொறுமையும்தான். ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைத்து அவசரப்படுத்துவது வேண்டாம். மெல்லிய பலகை ஒரு பக்கம் மட்டும் நீரை இழுத்து வளைந்துகொண்டால், இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

கசிவு உண்டு என்று தெரிந்த பிறகுதான் அது எங்கே என்ற கேள்வி. மூடியைச் சற்றே தூக்கி விட்டால் கடைசி நொடியில் அது காற்றின் மேல் தயங்கி மெதுவாக அமர வேண்டும் என்பார்கள். அது நல்ல அறிகுறிதான் என்றாலும் இடத்தைக் காட்டாது. இடத்தைக் காட்டுவது தாள். மெல்லிய தாள் கீற்று ஒன்றை விளிம்பில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்து, பின்பக்கம் கீலுக்கு அருகில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால், அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். டார்ச் சோதனையை இதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்: எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடி, அறையை முற்றிலும் இருட்டாக்கிவிட்டு, விளிம்போடு கண்ணைக் கொண்டுபோனால், இடைவெளி உள்ள இடத்தில் முடி போல மெல்லிய ஒளிக்கோடு தெரியும். ஆனால் ஒளி நேராகத்தான் போகும். காற்று வளைந்தும் போகும். ஆகவே வெளிச்சம் தெரியாததாலேயே கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மூடி விளிம்பை மட்டும் பார்த்தால் போதாது. கண்ணாடி மூடியில் கண்ணாடி சட்டத்தோடு சேரும் மூலைகள், முன்பலகையைத் துளைத்துப் பொருத்திய மானியின் ஓட்டை, பூட்டுக்காகக் குடைந்த பள்ளம் ஆகிய மூன்றும் கசிவுக்குப் பேர்போன இடங்கள். மலிவான பெட்டிகளில் மூடி நன்றாக இருந்து, மானியின் ஓட்டை வழியாகவே எல்லாம் போய்க்கொண்டிருப்பதும் உண்டு.

கீலில் குறை என்றால் பட்டை ஒட்டுவதில் பயனில்லை. கீலின் தகடு மரத்துக்குள் அளவுக்கு மீறி ஆழமாக இறங்கியிருந்தால், மூடி பின்பக்கத்தில் முதலில் முட்டிக்கொண்டு முன்பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்; தகட்டுக்கு அடியில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை வைத்து முடுக்கினால் சரியாகிவிடும். தகடு மேலே துருத்திக்கொண்டிருந்தால் இடைவெளி பின்பக்கத்தில் விழும். பள்ளத்தைச் சிறிது ஆழப்படுத்த வேண்டும். திருகாணி பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், துளைக்குள் மரப்பசை தடவிய பல்குச்சியைச் செருகி உடைத்துவிட்டு, பசை காய்ந்த பின் மறுபடி முடுக்கலாம்.

கீல் சரியாக இருந்தும் தாள் வழுக்கினால் உட்பலகையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் உட்பலகை வெளிச்சுவரைவிடச் சில மில்லிமீட்டர் உயர்ந்து நின்று, மூடிக்குள் நுழைந்து உட்காரும். காற்றைத் தடுப்பது உண்மையில் இந்த உதடுதான். பல பெட்டிகளில் இந்தப் பலகைகளைப் பசையால் ஒட்டாமல் இறுக்கமாகச் செருகி மட்டுமே வைத்திருப்பார்கள். அப்படியானால் தளர்ந்த பக்கத்துப் பலகையை மெல்ல உருவி, அதன் பின்னால் மெல்லிய சிடார் சீவலையோ அட்டையையோ வைத்து மறுபடி செருகலாம். ஆனால் அதைப் பலகையின் முழு உயரத்துக்கும் வைத்தால், உதடு உள்நோக்கி நகர்ந்து தளர்வு கூடிவிடும். ஆகவே சீவலைப் பலகையின் கீழ்ப்பகுதியில் மட்டும் வைக்க வேண்டும், அப்போது மேல்விளிம்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்து மூடியோடு உரசும். பலகை ஒட்டப்பட்டிருந்தால், உதட்டின் வெளிமுகத்தில் அதே சீவலை ஒட்டி, மூடி சிக்காத அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி மூலைக்கும் மானி ஓட்டைக்கும் சிலிகோன் பொருத்தமானது. ஆறும்போது புளிப்பு நெடி அடிக்கும் வகையைத் தவிர்த்து, நெடியில்லாத வகையைத் தேர்ந்தெடுத்து, நூல்போல மெல்லியதாக இட்டு, வாசனை முற்றிலும் போகும்வரை பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும். புகையிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். நுரைப்பட்டையை நான் விரும்பாததற்கும் அதன் பசையின் நெடியே காரணம். வேறு வழியில்லை என்றால், பட்டையின் ஒரு துண்டை மூடிய கண்ணாடிக் குடுவையில் சில நாட்கள் போட்டுவைத்து, திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மரப்பெட்டி கண்ணாடிக் குடுவை போல அடைபடாது, அடைபடவும் வேண்டியதில்லை. பொட்டலம் மாதக்கணக்கில் மிருதுவாக இருந்து, எண் 65 முதல் 70 வரை நின்றால் அந்தக் கசிவை விட்டுவிடலாம். சில வாரங்களிலேயே பொட்டலம் கெட்டியாகிவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது. மூடியே முறுக்கிக்கொண்டு ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்கும் பெட்டியோடு நான் மல்லுக்கட்டுவதில்லை. அதன் சிடார் பலகைகளைக் கழற்றி இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் போட்டு, சுருட்டுகளையும் பொட்டலத்தையும் அதற்கு மாற்றிவிடுவேன்.