கொக்குக் கல்லும் சிங்கக் கோப்பையும்

மெல்பனில் இருக்கிற என் பழைய அலுவலக நண்பன் ஒருவன், இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் வழிவந்த பறங்கியன், போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு தேநீர்க் கோப்பையின் படத்தை அனுப்பினான். கோப்பையில் சிவப்புச் சிங்கம், கீழே அவனுடைய குடும்பப் பெயர். "மச்சான், இது எங்கட குலச்சின்னம். வுல்பெண்டால் தேவாலயத்தில எங்கட பாட்டியின்ட கல்லு இருக்கு, அதிலயும் இந்தச் சின்னம் இருக்காம். ஒரு படம் எடுத்து அனுப்பேன்." அவ்வளவுதான் வேலை. நான் இருப்பது கொழும்பில், கொட்டாஞ்சேனையில், நடந்தே போகலாம். ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆயிற்று.

தேவாலயத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: செட்டியார் தெருவின் நகைக்கடைச் சத்தத்திலிருந்து கொஞ்சம் மேடேறினால் வருகிறது. 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், திறந்த கட்டடம், சுவர் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பு. உள்ளே தரையிலேயே பெரிய பெரிய கற்கள் பதித்திருக்கிறார்கள், எழுத்தும் சின்னமுமாக. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒருவர் கூடவே வந்தார். "தம்பி, செருப்போட ஏறலாம், ஆனா சோக்கட்டியால கீறக்கூடாது, கரி தேய்க்கவும் கூடாது" என்றார். முதலே சொன்னது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் என் பையில் கரித்துண்டும் வெள்ளைத்தாளும் இருந்தன.

கல் கிடைத்தது. பெயரும் இருந்தது. சிங்கம்தான் இல்லை.

பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்த படங்களில் ஒரு கேடயமும் அதன் மேல் தலைக்கவசமும் தெரிந்தனவே தவிர, கேடயத்துக்குள் என்ன என்று தெரியவில்லை. பெரியவர்தான் போனின் டார்ச்சை வாங்கித் தரையோடு தரையாக, பக்கவாட்டில் பிடித்தார். கல்லில் பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து வந்தது. கேடயம் நடுவில் நெடுக்காகப் பிளந்திருந்தது. ஒரு பாதியில் நீண்ட கழுத்துள்ள பறவை ஒற்றைக்காலில், தூக்கிய மற்றக் காலில் உருண்டையாக ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு. மறு பாதியில் மூன்று மீன்கள். பறவை இருந்த பாதி முழுக்க மெல்லிய கிடைக்கோடுகள். உளி சறுக்கிய தழும்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கோடுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கல்லுக்கு நிறம் கிடையாது, ஆனால் குலச்சின்னத்தில் நிறம்தான் பாதி விஷயம். அதற்காக 17ஆம் நூற்றாண்டில் ஒரு குறியீட்டு முறை பரவியது. 1638இல் பெட்ரா சாங்க்தா என்ற இயேசு சபைக் குரு அச்சிட்ட முறையே பெயர் பெற்றது. புள்ளி போட்டால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, நிலைக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம். ஆக என் "உளித் தழும்பு" நீல நிறம். நீல வெளியில் வெள்ளைப் பறவை. ஏறக்குறைய முந்நூறு வருஷமாகக் காலில் மிதிபட்டும் நிறம் அப்படியே இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தால் போதும். கொத்திய சிற்பிக்கு இந்தக் குறியீடு தெரிந்திருக்கும் என்று எப்போதும் நம்ப முடியாது என்பதும் உண்மை.

நான் விட்ட பெரிய பிழை வேறு. பிளந்த கேடயத்தில் வலது பாதி கணவனுடையது, இடது பாதி மனைவியுடையது என்று வாசித்துவிட்டு, மீன்தான் உன் பாட்டனார், பறவை பாட்டியம்மா என்று நண்பனுக்கு எழுதிவிட்டேன். இரண்டு வாரம் மீன் சின்னத்தைத் தேடி அலைந்தேன். பிறகுதான் விளங்கியது: இங்கே வலது இடது என்பது பார்க்கிற நமக்கு அல்ல, கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவனுக்கு. அவனுடைய வலது, நமக்கு இடது. பறவைதான் கணவன்.

கல்லெழுத்தை நானாக வாசிக்க முயன்று தோற்றேன். ஒல்லாந்து மொழி தெரியாது, அதிலும் பழைய எழுத்துக்கூட்டல். நல்ல வேளையாக, இலங்கையின் கல்லறை எழுத்துகளை லூயிஸ் என்ற சிவில் அதிகாரி திரட்டி 1913இல் வெளியிட்ட தொகுப்பு ஸ்கேனாகக் கிடைக்கிறது. அதற்கு முன் 1877இல் லூடொவிசி ஒல்லாந்தர் கற்களுக்கென்றே ஒரு நூல் போட்டிருக்கிறார். கல்லில் இருந்தது இவ்வளவுதான்: இன்னார் இங்கே அடக்கம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்கெழுத்தர் இன்னாரின் மனைவி, இறந்த வருஷம், வயது. வருஷம் 1740களில். 1757இல் திறந்த தேவாலயத்தில் 1740களின் கல் எப்படி? கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயத்திலிருந்து 1813இல் ஆங்கிலேயர் எலும்புகளையும் கற்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வந்த கல்லாகத்தான் இருக்க வேண்டும். கல் கிடக்கிற இடத்துக்கு நேர் கீழே ஆள் இருப்பார் என்று நினைத்து நான் முதல் நாள் கும்பிட்டதெல்லாம் கணக்கில் சேராது.

சரி, சிங்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு ரீட்ஸ்டாப்பிடம் போக வேண்டும். ஒல்லாந்தரான அவர் 1861இல் வெளியிட்டது குலச்சின்னங்களுக்கான ஒரு பெரிய அகராதி, பிரெஞ்சில், பெயர் வரிசையில். நண்பனின் குடும்பப் பெயரில் நாலு குடும்பங்கள், நாலுக்கும் வேறு வேறு சின்னம். ஒன்று ஒல்லாந்தின் ஸீலந்து மாகாணத்தது, சிவப்புச் சிங்கம். கோப்பை விற்ற இணையக் கடை பெயரைத் தட்டி வந்த முதல் சின்னத்தை அச்சடித்துக் காசு வாங்கியிருக்கிறது. சின்னம் பெயரைப் பார்த்து வருவதல்ல, வம்ச வழியைப் பார்த்து வருவது. சுந்தரம் என்று பெயருள்ள எல்லாருக்கும் ஒரே குலதெய்வம் என்று எவனாவது சொன்னால் நாங்கள் சிரிப்போம், வெளிநாட்டுச் சின்னம் என்றால் மட்டும் நம்பிவிடுகிறோம்.

மூன்றாவது குடும்பத்தின் விவரத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். "நீல நிறத்தில் வெள்ளி கிரேன், அதன் விழிப்புணர்வுடன்" என்று வந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கியா என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்லாம். கொக்கு! அந்த "விழிப்புணர்வு" காலில் இருக்கும் கூழாங்கல். காவல் நிற்கிற கொக்கு தூங்கிவிட்டால் கல் விழும், சத்தத்தில் விழித்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய பழைய கதை. எங்கட கொக்கு மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும், அவர்களுடைய கொக்கு தூக்கத்துக்குப் பயந்து நிற்கிறது. பக்கத்துப் பாதியிலேயே மூன்று மீன் இருப்பதை நினைத்துத் தனியாக இருந்து சிரித்தேன்.

அந்தக் குடும்பம் கெல்டர்லாந்து மாகாணம் என்று போட்டிருந்தது. கம்பனிக் கப்பல்களின் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரத் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம், ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். ஆள் பெயர், ஊர், கப்பல், என்ன வேலை, கணக்கு எப்படி முடிந்தது எல்லாம் இருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயரை ஐந்தாறு விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு ஆறாவது விதத்தில் அகப்பட்டது: எங்கட கணக்கெழுத்தர் சாதாரண சிப்பாயாகத்தான் கப்பலேறியிருக்கிறார், ஊர் கெல்டர்லாந்தில். இது முழு அத்தாட்சி இல்லை. ஒல்லாந்தக் குடியரசில் யாரும் தனக்கென்று சின்னம் வைத்துக்கொள்ளலாம், அரசன் கொடுக்க வேண்டும் என்றில்லை. சிப்பாயாக வந்து கணக்கெழுத்தராக உயர்ந்த ஒருவர் தன் பெயர்கொண்ட ஊர்க் குடும்பத்தின் கொக்கை எடுத்து மனைவியின் கல்லில் கொத்த வைத்திருக்கலாம். நான் நண்பனுக்கு எழுதும்போது "பெரும்பாலும்" என்ற சொல்லைப் போட்டேன். அவன் அதை விட்டுவிட்டுத் தன் மாமாவுக்கு அனுப்பினான்.

அப்புறம்தான் வந்தது வில்லங்கம். 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வரலாறுகளைத் தொடர்ந்து வெளியிட்டது. ரோம எண்ணில் தலைமுறை, ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் கல்யாணம், பிள்ளைகள். நண்பன் வீட்டில் அதன் போட்டோக்கொப்பி இருந்தது, முதல் பக்கம் தவிர. அந்த முதல் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். எங்கட கணக்கெழுத்தருக்கு இரண்டு கல்யாணம். முதல் மனைவிக்குப் பிள்ளைகள் இல்லை. நண்பனின் வழி முழுவதும் இரண்டாம் மனைவியிலிருந்து வருகிறது. அவர்கள் நாலைந்து தலைமுறையாகப் பூ வைத்துவிட்டு வந்த "பாட்டியின் கல்" அவர்களுடைய பாட்டியுடையது அல்ல. மீன்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் மனைவி யார்? சஞ்சிகையில் பெயர் மட்டும். அந்தச் சங்கத்தின் விதியே ஆண்வழி வந்தவர்களைத்தான் கணக்கில் எடுப்பது, அதனால் பெண்வழிகள் ஒரு வரியில் நின்றுவிடும். கல்யாணப் பதிவேட்டின் பிரதி ஒரு வயதான பறங்கிய அம்மையாரிடம் இருந்தது. தேத்தண்ணியும் லவ் கேக்கும் தந்து பக்கத்தைத் திறந்து காட்டினார். மணமகன் பெயருக்குப் பின்னால் ஊர், பதவி. மணமகளுக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர், பிறகு "கொழும்பைச் சேர்ந்த கன்னிப்பெண்". தகப்பன் பெயர் இல்லை. "மகன், இப்பிடி எழுதியிருந்தா எங்கட பக்கத்து ஆளாகவும் இருக்கலாம், உங்கட பக்கத்து ஆளாகவும் இருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவே நண்பனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு கேட்டான்: "அப்ப அந்தக் கொழும்புப் பிள்ளைக்குக் கல்லு எங்க மச்சான்?"

லூயிஸில் இல்லை, லூடொவிசியில் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் சாட்சிகள் பெயர் இருக்கும், அதை வைத்துத் தாய்வீட்டைப் பிடிக்கலாம் என்று அம்மையார் சொல்கிறார். வருகிற சனி அவர் வீட்டுக்குப் போகிறேன். சிங்கக் கோப்பையை நண்பன் எறியவில்லை, பல்துலக்கிகளைப் போட்டு வைத்திருக்கிறானாம்.