பல்லி காலை எடுக்கும் விதம்

கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில். ஒட்டுவதைவிட உரிப்பதில்தான் பாடு அதிகம். ஓரத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி, பிளேடால் நெம்பி இழுத்தால் ஷீட் வந்துவிடும், பசை மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்புறம் பெட்ரோல் தொட்டுத் துடைக்க வேண்டும்.

அதனாலோ என்னவோ, பல்லி சுவரில் எப்படி ஒட்டுகிறது என்பதைவிட, ஒட்டிய காலை எப்படி எடுக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம். இரவில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பிடிக்கக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி ஏறும். அப்போது உள்ளே நின்று பாருங்கள். விரல்களின் அடியில் குறுக்கே மெல்லிய மடிப்புகள் தெரியும். அடுத்த அடி வைக்குமுன் விரல் நுனி மேல்நோக்கிச் சுருளும், அதற்குப் பிறகே பாதம் எழும்.

அந்த மடிப்புகளில் பசை கிடையாது, நுண்முடிகள்தான். டோக்கே என்ற பெரிய பல்லிக்கு ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம். ஒவ்வொரு முடியும் நுனியில் நூற்றுக்கணக்கான தட்டை இழைகளாகப் பிரிகிறது. அவை சுவரை அவ்வளவு நெருங்குவதால் மூலக்கூறுகளுக்கு இடையே வான் டெர் வால்ஸ் எனப்படும், மிக அருகில் மட்டும் இழுக்கும் மெல்லிய ஈர்ப்பு வேலை செய்கிறது. 2000-இல் உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் ஒற்றை முடியின் பிடியையே அளந்தார்கள். முடிக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பிடி தானாக விட்டுவிடும் என்று தெரிந்தது. விரல் சுருள்வது இதற்காகத்தான்!

இதைப் பின்பற்றி 2003-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் குழு பிளாஸ்டிக் முடிகளால் ஒரு டேப் செய்தது. நன்றாகவே ஒட்டியது. ஆனால் சில தடவை ஒட்டி எடுத்ததும் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிடிப்பு போய்விட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கட்கோஸ்கி குழு சாய்ந்து நிற்கும் நுண்வடிவங்களைச் செய்தது. ஒரு திசையில் பாரம் இழுத்தால் பிடிக்கும், பாரத்தை எடுத்தால் விடும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கண்ணாடிச் சுவரிலேயே ஏறிக் காட்டினார்.

நாங்கள் கண்ணாடி தூக்கும் வாக்யூம் கப், காற்றில்லாத விண்வெளியில் உதவாது. பல்லிப் பிடிக்குக் காற்றே தேவையில்லை. நாசா இதைச் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் சோதித்திருக்கிறது. சரி, அங்கே போகட்டும். வெயிலில் வருடக்கணக்கில் நின்று, ஓரத்தைத் தூக்கியதும் கறையில்லாமல் கழன்று வரும் ஷீட் ஒன்று ரோலாக வந்தால், முதல் ரோலை நான் வாங்குவேன்.