ஊட்டிக் குளிர்ல ஜின்செங் வருமா?

கொரியா, சீனாவுல வேரை மருந்தா சாப்பிடற செடி ஜின்செங். குளிர் இருந்தா அது வந்துடும்னு ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஒரு பேச்சு ஓடுது. குளிர் மட்டும் போதாது, விடாம இருக்கணும். தை மாசம் விடியக்காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுடும். வேரோட தலையில தூங்கற மொட்டு முழிக்கணும்னா 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய மூணு மாசம் தொடர்ந்து கிடக்கணும். அதனால இங்கே ஃபிரிட்ஜ்தான் பனிக்காலம். இலை உதிர்ந்ததும் வேரை முறியாம தோண்டி, ஈர மணல்ல புதைச்சு 4 டிகிரியில வைங்க. மணலைப் பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது, சொட்டினா பூஞ்சை. ஏக்கர் கணக்கெல்லாம் வேணாம், நாலு தொட்டியே அதிகம்.

விதை காய்ஞ்சா செத்துடும். பழத்துலேருந்து எடுக்கும்போது கரு முழுசா வளர்ந்திருக்காது, முளைக்க ஒன்றரை வருஷம் ஆகும். 2 செ.மீ. ஆழம், மேலே இலைமக்கு, 75 சதவீத நிழல்வலை. தென்மேற்கு மழையில தண்ணி தேங்கினா வேர் அழுகல்தான். கேரட்டுக்குக் கொட்டற கோழி எருவை இதுக்குக் காட்டாதீங்க. அறுவடைக்கு 4 முதல் 6 வருஷம்.

காய்ஞ்ச வேர் நாளைக்கு 1-2 கிராம், மெலிசா சீவி கொதிக்க வெச்சு குடிக்கறது வழக்கம். சோர்வுக்குக் கொஞ்சம் உதவலாம், சர்வரோக நிவாரணி இல்ல. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரினோ சர்க்கரை வியாதி மாத்திரையோ சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

‘இந்திய ஜின்செங்’னு விக்கறது நம்ம அமுக்கராக் கிழங்கு. அது கத்திரிக்காய் குடும்பம், இதுக்கும் அதுக்கும் உறவே கிடையாது.